அமுதா எதையும் நறுக்கவில்லை

தம்பி,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. அம்பத்தூரில் கம்பெனி, கம்பெனி விட்டால் ரூம், ரூமில் மூன்று கூட்டாளிகள். போனில் கூப்பிட்டால் 'டூட்டியில இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருகிற வழியைக் காணோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழிக்கலாம், பாதியில் கட் பண்ண முடியாது. உறையை ஒட்டாமல் மடித்துச் செருகித்தான் அனுப்பப் போகிறேன். உன் கூட்டாளிகள் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். இந்த விஷயத்தில் மூடி மூடி வைத்தது போதும் என்று எனக்கு ஆகிவிட்டது.

உன் மகள் பிறந்து இன்றோடு எண்பத்திரண்டு நாள். நல்லூரில் அவள் அம்மாயி வீட்டில் இருக்கிறாள். நீ அவளைப் பார்த்தது மூன்று தடவை. மேலுதடு மூக்குவரை பிளந்து, உள்ளே அண்ணமும் சேராமல் பிறந்த பிள்ளை. மார்பில் சப்பிக் குடிக்க அவளால் முடியாது. அமுதா பாலைப் பீய்ச்சி, பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறாள். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. போன வாரம் உன் திட்டக்குடி அத்தை என்னைத் தேடி வந்தாள். டீயைக் குடித்துவிட்டு, அந்தப் பிள்ளை அவர்கள் வீட்டிலேயே வளரட்டும், இப்போதைக்குத் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டாம், பிறகு தம்பிக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்றாள். என்ன செய்யலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? இன்னொரு பெண் பார்க்கலாம் என்று அர்த்தம். அன்றைக்கு நீ அதிசயமாகப் போனை எடுத்தாய். அத்தை இப்படிச் சொல்கிறாளே என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"அத்த சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குதும்மா."

என்ன நியாயம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த நியாயத்தில் எனக்கும் பங்கு இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அமுதா நல்லூருக்குப் போன அடுத்த வாரம் கிரகணம் வந்தது. அன்றைக்குக் காலையில் நான்தான் அவள் அம்மாவுக்குப் போன் பண்ணி, அவளை உள்ளே படுக்க வையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கத்தி அரிவாள்மணை எதையும் தொட விடாதீர்கள் என்று பத்துத் தடவை சொன்னேன். அவர்களும் அப்படியே செய்தார்கள். ஆனால் பிள்ளை பிறந்த அன்றைக்கு நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினாளே, அந்த நிமிஷம் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு எது தெரியுமா? பிள்ளை அழுததா, கை கால் நல்லா இருக்கிறதா, எதுவும் இல்லை. தையல் போட்டுப் படுத்திருந்த பெண்ணைப் பார்த்து, 'கிரகணத்தன்னைக்கு என்னடி அறுத்த?' என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நினைத்தால் இப்போதும் என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல இருக்கிறது.

அதன் பிறகு ஆளுக்கு ஆள் கேட்டார்கள். முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கிற புண்ணியதானத்துக்கு நாம் எல்லோரும் நல்லூர் போனோமே, அன்றைக்கு உன் அத்தை அவளை விடவே இல்லை. நல்லா யோசிச்சுப் பாரு, காய் நறுக்கினியா, துணி கிழிச்சியா, நகம் வெட்டினியா, பூ கிள்ளினியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அமுதா இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், 'வெண்டைக்கா நறுக்கினேன், ரெண்டே ரெண்டு' என்றாள். வீடே மூச்சு விட்டது. அப்படிச் சொல்லு என்றாள் அத்தை. அப்புறம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நீயும் அங்கேதான் இருந்தாய். இலையில் கை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் சொன்னது பொய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்றால், அதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன். உனக்கு மூத்தவள் ஒருத்தி பிறந்து இறந்தாள் என்பது மட்டும் உனக்குத் தெரியும். எப்படி என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. அவளுக்கு உதடு நன்றாகத்தான் இருந்தது, உள்ளே அண்ணம்தான் சேரவில்லை. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. காய்ச்சல் கண்டு, நெஞ்சில் கபம் கட்டி, இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டாள். அப்போது நான் பீங்கான் யூனிட்டில் பொம்மைப் பகுதியில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு பிசிறு ஓடும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்பத் தோதாக ஆக்குவது என் வேலை. பொம்மை வாயைச் சீவினவளுக்குப் பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று ஆரம்பித்தார்கள். நான் உண்டானதும் வேலையை விட்டவள். அந்த வருஷக் கிரகணத்துக்கும் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் பாயில் கிடந்தவள். சொன்னால் யார் கேட்டார்கள்? துக்கம் கேட்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். மூன்றாம் நாள் எனக்கு அலுத்துப் போய், ரவிக்கை ஊக்கு தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்தேன் என்று சொன்னேன். ஊக்கும் தைக்கவில்லை, நூலும் கடிக்கவில்லை. ஆனால் சொன்ன உடனே கேள்வி நின்றது. எனக்குச் சோறு போட்டார்கள். சொல்லிச் சொல்லி, சில வருஷத்தில் கடித்தது நிஜம்தானோ என்று எனக்கே ஆகிவிட்டது. அப்படிப்பட்ட நான், இன்னொருத்தி அதே பாவத்தை ஒத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு வாயை மூடி இலையைப் பார்த்தேன். என் தப்பு இது. இதற்கு நான் யாரையும் கை காட்ட மாட்டேன்.

போன திங்கட்கிழமை பிள்ளையின் எடை பார்க்கப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நீ வரவில்லை, லீவு இல்லை என்றாய். நான் போனேன். விருத்தாசலத்தில் பஸ் ஏறி, வழியில் அமுதாவையும் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் நீள வரிசை. எல்லாம் பிறவியிலேயே ஏதோ ஒன்றோடு வந்த பிள்ளைகள். ஒன்றுக்குப் பாதம் உள்ளே மடங்கியிருக்கிறது, ஒன்றுக்கு நெஞ்சில் ஓட்டை, ஒன்றுக்குத் தலை நிற்கவில்லை, தசை வலு இல்லையாம். உட்கார்ந்திருந்த தாய்மார்கள் ஒருத்திக்கொருத்தி பேசிக்கொண்டார்கள். ஒருத்தி பப்பாளி தின்றாளாம். ஒருத்தி மாசமாக இருக்கும்போது பாம்பு அடிபடுவதைப் பார்த்தாளாம். ஒருத்தி மாமியாரிடம் எதிர்த்துப் பேசினாளாம். ஒவ்வொருத்தியிடமும் ஒரு குற்றம் தயாராக இருந்தது. டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்த அப்பன்களில் ஒருத்தனிடமாவது, நீ என்னடா அறுத்தாய் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

டாக்டர் சின்ன வயசுப் பெண். பிள்ளை நாலே முக்கால் கிலோ வந்துவிட்டது, ரத்தமும் போதும், அடுத்த வாரம் வியாழக்கிழமை உதட்டுக்கு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், அண்ணத்துக்கு ஒரு வயசு வாக்கில் செய்யலாம் என்றார். பிள்ளை பசியில் அழுததால் அமுதா பால் கொடுக்க வெளியே போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், கிரகணத்தன்றைக்கு வெண்டைக்காய் நறுக்கினதால்தானே இப்படி என்று. அவர் சிரிக்கவில்லை. எத்தனையாவது மாதத்தில் கிரகணம் என்று கேட்டார். ஏழாம் மாதம் என்றேன். ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார்.

முகம் ஒரே துண்டாக வருவதில்லையாம். நடுவில் ஒரு துண்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தனித்தனியாக வளர்ந்து, நடுவே வந்து சேர்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். உதடு சேர்வது ஆறாவது ஏழாவது வாரத்தில். அண்ணம் மூன்று மாதத்துக்குள். அதோடு அந்த வேலை முடிந்தது. எங்கள் யூனிட்டில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுவோமே, கரைத்த களிமண்ணைத் தொட்டு வைத்து, ஈரம் இருக்கும்போதே ஒட்டினால்தான் ஒட்டும். ஒட்டாமல் போனதைச் சூளையில் வைத்த பிறகு வந்து குறை சொல்லி என்ன? ஏழாம் வாரத்தில் அமுதாவுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பதே நமக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதற்கு ஐந்து மாதம் கழித்து வந்த கிரகணம் அந்த உதட்டை எப்படி அறுக்கும்? நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு தடவை எண்ணினேன். இவ்வளவு சின்னக் கணக்கு எனக்கு இத்தனை வருஷமாக ஏன் தோன்றவில்லை என்று அவமானமாக இருந்தது.

அப்புறம் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் ஜீன் என்றார், புரதம் என்றார். புரதம் என்றதும், முட்டையும் பருப்பும் அவளுக்குப் போதவில்லையா டாக்டர், அவள் அம்மா வீட்டில் நன்றாகத்தான் போட்டார்கள் என்றேன். அப்போதுதான் சிரித்தார். அது இல்லையாம் இது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எப்படிக் கட்ட வேண்டும் என்று ஓர் எழுத்து இருக்கிறது. அம்மா ஒரு பிரதி கொடுக்கிறாள், அப்பா ஒரு பிரதி கொடுக்கிறார். அந்த எழுத்தைப் படித்து உடம்பு தன் வேலையாட்களைத் தானே செய்துகொள்கிறது, அந்த வேலையாட்களுக்குத்தான் புரதம் என்று பெயர். அதில் சிலது மேஸ்திரி மாதிரி. தானே கல் எடுத்து வைக்காது, மற்ற எழுத்துகளில் எதை இப்போது படிக்கலாம், எதை நிறுத்தலாம் என்று ஏவிக்கொண்டே இருக்கும். உதட்டுத் துண்டுகளின் ஓரத்துத் தோலை ஒட்டுவதற்குப் பதமாக்குவது அப்படி ஒரு மேஸ்திரியாம். இரண்டு பிரதியில் ஒன்று பிழையாக இருந்தால் அந்தப் புரதம் பாதிதான் உண்டாகும். அந்தப் பாதியை வைத்தே சிலருக்கு உடம்பு சமாளித்துவிடும், சிலருக்கு அண்ணம் மட்டும் சேராது, சிலருக்கு உதடும் சேராது. ஏன் ஒருத்தருக்கு இப்படி இன்னொருத்தருக்கு அப்படி என்றால், முழுசாகச் சொல்ல எங்களுக்கும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த வார்த்தைக்காகவே அவர் சொன்ன மற்றதை எல்லாம் நம்பினேன். இப்படிப் பிழையான பிரதி வைத்திருப்பவர்களைச் சில குடும்பங்களில் பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாமாம். கீழுதட்டில், நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, ஊசி குத்தினது போல இரண்டு குழி இருக்குமாம். சில பேருக்கு அதில் எச்சில் கசியுமாம்.

தம்பி, அந்த இரண்டு குழி உன் கீழுதட்டில் இருக்கிறது. உன் அப்பாவுக்கு இருந்தது. உன் தாத்தாவுக்கு இருந்தது. நீ பிறந்தபோது உன் அத்தை உன் உதட்டைப் பார்த்துவிட்டு, எங்க அப்பாவே வந்து பொறந்திருக்காரு என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். பேசும்போது நீ புறங்கையால் கீழுதட்டைத் துடைத்துக்கொள்வாயே, அதை எத்தனை தடவை நான் கொஞ்சியிருப்பேன். நான் வாய் திறப்பதற்குள் டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "பாப்பாவோட அப்பாகிட்ட அன்னைக்கே எல்லாம் வெவரமா சொன்னேனேம்மா, வூட்ல சொல்லலியா?" என்றார்.

அன்றைக்கு என்றால் பிள்ளையின் பதினைந்தாம் நாள். அமுதா வெளியே பெஞ்சில் படுத்திருந்தாள், நீ மட்டும் உள்ளே போனாய். வெளியே வந்து, ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாய். பதினைந்தாம் நாளே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் முப்பதாம் நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, உன் பெண்டாட்டி வெண்டைக்காய் நறுக்கினேன் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு ரசம் வாங்கிச் சாப்பிட்டாய்.

உன் உதட்டுக்காக உன்னைத் திட்டவில்லை. அதை நீ கேட்டு வாங்கி வரவில்லை, உன் அப்பா தெரிந்து கொடுக்கவில்லை. அது யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். உன் அப்பாவின் மேல் எனக்கு நிறையக் கோபம் இருந்தது. என்னைச் சுற்றி நின்று கேட்டபோது அந்த மனுஷர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆனால் அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே செத்தும் போய்விட்டார். உனக்குத் தெரியும். கம்பெனியில் மெஷினில் ஒரு சின்னக் கோளாறு என்றாலும் ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன் என்று பெருமையாகச் சொல்வாயே, அந்த யோக்கியம் எல்லாம் இரும்புக்கு மட்டும்தானா? பயம் என்பாய். வெட்கம் என்பாய். இருக்கட்டும், எனக்கும் இருந்திருக்கும். ஒரு நாள் பயப்படு, ஒரு வாரம் பயப்படு. இரண்டு மாதத்துக்கு மேல் உன் வெட்கத்தை அவள் தலையில் ஏற்றி வைத்துச் சுமக்க விடுவதற்குப் பெயர் பயம் இல்லை. அதற்கு மேல், அவளைத் தள்ளி வைக்கலாம் என்று அத்தை சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறதாம். இன்னொருத்தியைக் கட்டினால் மட்டும் உன் உதடு மாறிவிடுமா? எவளைக் கட்டினாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பிழையான பிரதி போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் உன்னிடமும் சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணையும் எந்தக் காயை நறுக்கினாய் என்று கேட்க விடுவாயா?

வெளியே வந்தேன். அமுதா பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது வாரத்தைச் சொன்னேன், எழுத்தைச் சொன்னேன், உதட்டுக் குழியைச் சொன்னேன். என்னைச் செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். நான் கேட்ட அந்த முதல் கேள்விக்காக அவள் காலைத் தொட்டேன், பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவருக்கு இது தெரியுமா அத்த?"

தெரியாது என்று சொன்னேன். ஊர் பார்க்க, அந்த வராந்தாவில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன். உன்னைப் பெற்ற வயிறு அப்படிச் சொல்ல வைத்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார், அதை நீ பார்த்திருக்க வேண்டும். 'அதான பாத்தேன், தெரிஞ்சா சும்மா இருப்பாரா' என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் தலையை முகர்ந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கேள்வியை விடப் பெரிய பாவம் அந்தப் பதில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்றுத் திட்டக்குடிக்குப் போய் உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினாள். எங்க அப்பாரையே குத்தம் சொல்றியா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தனக்கு மூத்த அண்ணன் ஒருத்தன் பால் புரையேறிச் செத்ததையும், தன் அம்மாவையும் இப்படித்தான் கேட்டார்கள் என்பதையும் அவளே சொல்லி அழுதாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். மீதி இருப்பது உன் வேலை.

வருகிற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பிள்ளையை ஆபரேஷனுக்கு உள்ளே எடுத்துப் போவார்கள். அதற்கு முன்பு நீ வந்து அமுதாவிடம் உன் வாயாலேயே சொல்ல வேண்டும். பதினைந்தாம் நாளே தெரியும் என்று சொல்ல வேண்டும். அழுதுகொண்டு சொல், தலையைக் குனிந்துகொண்டு சொல், எப்படியோ சொல். நீ வராவிட்டால் பிள்ளை உள்ளே போன பிறகு நான் சொல்வேன். அந்தப் பொய்யை வெள்ளிக்கிழமை வரைக்கும் சுமக்க என்னால் முடியாது. எது நடந்தாலும் ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் நேராக விருத்தாசலத்துக்கு, என் வீட்டுக்குத்தான் வருவார்கள். வீடு என் பெயரில் இருக்கிறது, உன் அப்பா செய்த ஒரு நல்ல காரியம் அது. அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், இது நீ பிறந்த வீடு, வராதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தால் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நில். நான் எழுந்து வர மாட்டேன். அவள் வந்து திறந்தால் உள்ளே வா.

அம்மா